மீட்டர் மாமாவுக்கு வந்த பூஜ்யம்

தமிழர் குடியேறிய தேசங்கள் எத்தனை உண்டோ, அத்தனையிலும் ஏதாவது ஒரு வீட்டில் அடுப்பு எரிவது எங்கள் மயிலாப்பூர் மீட்டர் மாமாவால்தான். இதை மறுக்கத் துணிந்தவரை நான் இன்றுவரை சந்தித்ததில்லை.

வீடு வீடாகச் சென்று மின்சார மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் குடியிருப்பில் எனக்கு எதிர்வீடு. தெற்கே பாலவாக்கம் கடற்கரையைத் தாண்டி அவர் கால் பட்ட நிலம் கிடையாது. ஆயினும் தெருவில் எந்தப் பிள்ளை வெளிநாட்டுக்குக் குடிபோனாலும், அங்கே மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் ஆகிய நான்கையும் வாங்கித் தரும் பொறுப்பு அவருடையது. பிள்ளைகள் விமானம் ஏறுவதற்கு முன்பே இவர் அந்நாட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து, காத்திருக்கத் தொடங்கிவிடுவார். காத்திருப்போருக்காக ஒலிக்கும் இசைக்குத் தொடையில் தாளம் போடுவார். “அரை மணியா அதே பல்லவி. சரணத்துக்கே வர மாட்டேங்கறான், ஓய்!” என்று என்னிடம் முறையிடுவார்.

எதிர்முனையில் யாரேனும் வந்தால் முதல் கேள்வி, “ஹேவ் யூ டேக்கன் யுவர் ஃபுட்?” என்பதாக இருக்கும். தம்மை யாரும் அப்படிக் கேட்டறியாத அந்நாட்டு ஊழியர்கள் திகைத்துப் போய், கேட்டதையெல்லாம் செய்து கொடுப்பார்கள்.

ஒருமுறை டொராண்டோவுக்குப் போன தம்பதிக்குத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு மின்சாரம் தருவதாக நிறுவனம் சொன்னது. மாமா கொதித்துப் போனார். “ராகு காலம்! ஒம்பதுக்கு மேலதான் வாங்கிப்போம்.” பழைய குடித்தனக்காரரின் மின்சாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். மாமா தளரவில்லை. அந்தத் தம்பதி ஒன்றரை மணி நேரம் மெயினை அணைத்துவிட்டு, இருட்டில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்து, ஒன்பதடித்த பிறகு சாஸ்திரோக்தமாக வெளிச்சம் பெற்றார்கள்.

இன்னொரு முறை லண்டன் எரிவாயு நிறுவனத்தை அழைத்தபோது பேசிய பெண் தணிந்த குரலில், “சார், நான் தேனாம்பேட்டைலதான் ஒக்காந்துகினு இருக்கேன். தமிழ்ல பேசாதீங்க, ரெக்கார்டு ஆவுது” என்றாள். மறுநாள் மாமா ஒரு டப்பா சீடையுடன் அந்த அலுவலக வாசலில் நின்றார்.

“இன்னா பெர்சு, யாரப் பாக்கணும்?” என்றார் காவலாளி.

“லண்டன் கேஸ் டிபார்ட்மென்ட்.”

“லண்டனா? இங்க கேன்டீன் கேஸ்தான் கீது, நைனா. அதுவும் காலி.”

சீடையைக் காவலாளிக்கே கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

இத்தனை பேருக்கு அடுப்பேற்றியவர், தம் மகள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. மாமாவின் ஒரே மகள் சுமதி. சாந்தோமில் ஆசிரியர் குடும்பத்துப் பிள்ளையான ஜெரால்டை மணந்துகொண்டாள். தேவாலயத்தில் நடந்த திருமணத்துக்கு மாமா போகவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. மனைவியையும் முன்பே இழந்தவர் ஆதலால், வீட்டில் பேச்சே நின்றது எனலாம்.

ஒரு மார்கழியில் ஜெரால்டு கிளாஸ்கோவிலிருந்து என்னை அழைத்தான். “அங்கிள், வேலை மாத்திட்டு இங்க வந்துட்டோம். வீட்ல இன்னும் கேஸ் வரல, ஹீட்டர் ஓடல. பிள்ளைக்கு ஆறு மாசம்தான் ஆவுது. எங்க பேரச் சொல்லாம அவர்கிட்ட கேளுங்களேன்.”

யாரோ தெரிந்தவர், கைக்குழந்தை, குளிர் என்று மட்டும் மாமாவிடம் சொன்னேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். ஒன்றும் கேளாமல் தொலைபேசியை எடுத்தார்.

அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் என்ன உறவு என்று நிறுவனத்துப் பெண் கேட்டாள். எப்போதும் கேட்கப்படும் கேள்விதான். ‘குடும்ப நண்பர்’ என்பது அவருடைய எப்போதைய விடை. அன்று, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் இருமுறை ‘ஹலோ’ சொன்னாள்.

“ஃபாதர்” என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, “அட்ரஸை மட்டும் சொல்லும், ஓய். பேர் எனக்குத் தெரியும்” என்றார்.

அன்று அந்தப் பெண்ணிடம் சாப்பிட்டாயா என்று அவர் கேட்கவில்லை.

குழந்தையுள்ள வீடு என்று அவர் மன்றாடியதில் மறுநாளே எரிவாயு வந்தது. கணக்கில் உங்கள் பெயரையும் சேர்க்கட்டுமா, வாராவாரம் எவ்வளவு எரிவாயு செலவானது என்ற எண் உங்களுக்கும் வரும் என்றார்கள். சேர்க்கச் சொன்னார். “ஊருக்குப் போனாலும் ஹீட்டரை முழுக்க அணைக்கப்படாதுன்னு அவாகிட்ட சொல்லும். குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சுடும்” என்று என்னிடம் சொல்லியனுப்பினார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கைபேசிக்குக் கிளாஸ்கோவிலிருந்து ஓர் எண் வரும். வாழ்நாளெல்லாம் ஊரார் மீட்டரைப் படித்தவர், இப்போது மகளின் வாழ்க்கையைப் படிக்கலானார். “ஜாஸ்தி ஓடியிருக்கு. கொழந்தைக்கு ஜலதோஷம்.” “கம்மியா இருக்கே! கட்டுசெட்டா குடித்தனம் பண்றா. அவ அம்மா மாதிரி.”

“ஒரு தரம் பேசித்தான் பாருமே” என்பேன்.

“அவ பேசட்டும். நான் அப்பன் ஓய்!”

அடுத்த ஆண்டு மார்கழியில், நான் பதிகம் ஓதி முடிக்கும் முன்பே கதவு இடிபட்டது. மாமா சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு நின்றார். “ஜீரோ வந்திருக்கு, ஓய்! அந்தக் குளிர்ல ஜீரோ! கொழந்தைக்கு என்னவோ ஆயிடுத்து. கூப்பிடும்!”

கூப்பிட்டேன். “நாங்க சாந்தோம்ல அம்மா வீட்ல இருக்கோம் அங்கிள்” என்றான் ஜெரால்டு. “கிறிஸ்துமஸுக்கு வந்தோம். இன்னும் பத்து நாள் இருப்போம்.”

சொன்னேன். மாமா நாற்காலியில் அமர்ந்தார். “சாந்தோமா? நடந்தே வந்துடலாமே” என்றார். சட்டையைக் கழற்றி நேராக மாட்டிக்கொண்டே, “கொழந்தைக்கு நம்மூர் வெயில் ஒத்துக்கறதாமா?” என்று கேட்டார்.

அந்த நாள்களில் அவர் விடியும் முன்பே சலவைச் சட்டை அணிந்து, கதவை அகலத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். மார்கழியிலும் கோயிலுக்கு வரவில்லை. “நான் இல்லாத நேரத்துல யாராவது வந்துட்டா?” ஆட்டோ பிடிக்கிறேன், நாமே போகலாம் என்றேன். “கூப்பிடாத ஆத்துக்கு எப்படி ஓய் போறது?”

ஒருவரும் வரவில்லை. பிறகொரு சனிக்கிழமை மீண்டும் எண் வந்தது. “போய்ச் சேர்ந்துட்டா” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வரும் ஆனியோடு அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. உறக்கத்திலேயே போய்விட்டார். காரியங்களுக்கு வந்த சுமதி, புறப்படும் முன் என் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்தாள்.

“வாராவாரம் அப்பா பார்க்கறார்னு எனக்குத் தெரியும், மாமா. அவர் பேரை எடுத்துடட்டுமான்னு கம்பெனில கேட்டா. வேண்டாம்னுட்டேன்.”

“பின்னே ஏம்மா அந்த மார்கழில எல்லாத்தையும் அணைச்சுட்டு வந்தே? குழாய் உறைஞ்சுடாதோ?”

“உறைஞ்சுது. வெடிக்கவும் வெடிச்சுது. திரும்பிப் போனா சமையலறையெல்லாம் ஜலம்.” சிரிக்க முயன்றாள். “ஜீரோவைப் பார்த்தா பதறிண்டு ஓடி வந்துடுவார்னு நெனச்சேன், மாமா. தெனம் சாயங்காலம் கொழந்தைக்கு நல்ல கவுனா போட்டு வாசல்லயே உக்காந்துண்டிருந்தேன்.”

கிளியையும் நாரையையும் இறைவனுக்குத் தூது விட்ட பாடல்களை அறியாப் பருவம் முதல் ஓதி வருகிறேன். சென்ற தூது சேர்ந்ததா என்ற செய்தி எந்தப் பாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. “உன் தூது சேர்ந்ததம்மா” என்று சுமதியிடம் சொன்னேன். சலவைச் சட்டையையும் திறந்த கதவையும் சொன்னேன். நெடுநேரம் அழுதாள்.

அன்று மாலை சந்நிதியில் எனக்கென்று எதையும் வேண்டத் தோன்றவில்லை. மீட்டர் மாமாவை உள்ளே எங்கும் அமர்த்த வேண்டாம் சுவாமி, வாசல் தெரியும்படி ஓர் இடம் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.