லார்ச் வாக் புல்வெளி வழக்கு

ஸ்லீஃபோர்ட்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மைத்துனர் வெர்னன் அவர்களுக்கு,

க்ளிஃபோர்டு எழுதுவது. நானும் உங்கள் தங்கை டோரீனும் நலம். படி ஏறும்போது அவள் முழங்கால் மட்டும் பேசுகிறது. மற்ற நேரமெல்லாம் நான்தான் பேசுகிறேன் என்கிறாள். ஸ்கார்பரோவில் உங்கள் பக்கத்து வீட்டை எங்களுக்காகப் பிடித்து வைத்திருப்பதற்கும், அதன் சொந்தக்காரருக்கு வாராவாரம் பியர் வாங்கிக் கொடுத்துப் பொறுமையாக வைத்திருப்பதற்கும் நன்றி. இத்தனை தாமதம் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கோப்பையில் டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

இந்த வீடு முழுக்க எங்களுக்கே சொந்தம், நிலமும் சேர்த்து. ஆனால் தெருவிளக்கு, குளம், பொதுப் புல்வெளி இவற்றை நகராட்சி ஏற்கவே இல்லை. வீடு கட்டியவர்கள் அதையெல்லாம் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் பராமரிப்புக் கம்பெனியின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கம்பெனி ஆளை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை, பில்லை மட்டும் வருஷம் தவறாமல் பார்க்கிறோம். அதில் எங்கள் தெருப் பெயரைப் போட்டு 'லார்ச் வாக் புல் வெட்டுதல்' என்று ஒரு தொகை. எங்கள் வீட்டுப் பக்கவாட்டுப் புல்வெளியிலோ, பக்கத்து வீட்டு நாய் உள்ளே போனால் வால் மட்டும்தான் வெளியே தெரியும். போன் போட்டேன், ஒரு பையன் எடுத்தான்.

"புல் வெட்டியாச்சுன்னு கம்ப்யூட்டர்ல காட்டுது சார்."

"கம்ப்யூட்டர்ல இருந்த புல்லை வெட்டியிருப்பீங்க தம்பி. இங்க இருக்கிறது இன்னும் நிக்குது."

அன்றிலிருந்து என் இயந்திரத்தால் நானே அதை வெட்டினேன். கம்பெனிக்குப் பணம் கட்டுவதையும் நிறுத்தினேன். அவர்கள் வேலையை நான் செய்ய, அவர்களுக்கு நானே கூலியும் கொடுப்பதா? ஒவ்வொரு ஞாயிறும் கோபத்தோடு வெட்டுவேன். டோரீன் ஜன்னலில் தலையை நீட்டி, "புல்லை வெட்டுறியா, எவன் கழுத்தையாவது வெட்டுறியா? மெதுவாப்பா!" என்பாள்.

பிறகு வீட்டை விற்க முடிவுசெய்தோம். வாங்க வந்தது கேலம் என்ற இளைஞனும் ஜோடி என்ற அவன் மனைவியும். அவளுக்கு ஆறு மாதம். வந்ததும் வராததுமாகச் சின்ன அறையில் தொட்டிலுக்கு இடம் அளந்தாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் எங்கள் வழக்கறிஞர் மிஸ் பார்ஜெட்டர் கூப்பிட்டு, கம்பெனி தடையில்லாச் சான்று தராமல் வீட்டைப் பெயர் மாற்ற முடியாது என்றார்.

"என் வீட்டை விக்க அவன்கிட்ட நான் அனுமதி வாங்கணுமா?"

"பத்திரத்துல இருக்கு மிஸ்டர் ஹேஸல்டைன். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"படிச்சுட்டா போட்டேன்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

சான்று கேட்டால் கம்பெனி என்ன கேட்டது தெரியுமா மச்சான்? பாக்கி, பாக்கிக்குத் தாமதக் கட்டணம், தாமதக் கட்டணம் உண்டு என்று அறிவித்த கடிதத்துக்கு ஒரு கட்டணம். நான் மறுத்தேன், அவர்கள் நீதிமன்றம் போனார்கள், வீட்டு விற்பனை அப்படியே நின்றது. டோரீன் கெஞ்சினாள். "கட்டித் தொலை க்ளிஃப். இந்தப் படி இனிமே என்னால முடியாது. அண்ணன் பக்கத்துல இருந்தாப் போதும்." இது கொள்கை என்றேன். "உன் கொள்கை மாடியேறி எனக்கு டீ கொண்டு வருமா?" என்றாள். ஜோடியும் வந்து, "தொட்டில் அம்மா வீட்டு கராஜ்ல கிடக்கு, இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டபோது எனக்கு என்னமோபோல் ஆகிவிட்டது. வாகன ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தபோது அழுதவர்களையெல்லாம் இரக்கமில்லாமல் ஃபெயிலாக்கியவன் நான்; அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் விசாரணை. நீதிபதி அம்மாவுக்குச் சளி, வாயில் இருமல் மிட்டாய். நான் புல் வெட்டும் படங்கள் நிறைந்த இரண்டு கோப்புகளோடு நெஞ்சை நிமிர்த்திப் பேசினேன். கம்பெனி வக்கீல் எழுந்து, எப்படியோ புல் வெட்டப்பட்டுவிட்டது, ஆகவே பில் சரிதான், மேலும் கம்பெனி நிலத்தில் அனுமதியில்லாமல் நுழைந்ததை நானே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றான்! நான் வாயைத் திறப்பதற்குள் நீதிபதி நில வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ்டர் ஹேஸல்டைன், இந்தச் சிவப்புக் கோட்டுக்குள்ள இருக்கிறது என்ன?"

"என் வீடு, என் தோட்டம் அம்மா."

"நீங்க வெட்டின புல்?"

குனிந்து பார்த்தேன். அதுவும் சிவப்புக் கோட்டுக்குள்தான் இருந்தது. இத்தனை வருஷமும் என் சொந்தப் புல்லைத்தான் கம்பெனிமேல் கோபப்பட்டு வெட்டியிருக்கிறேன்.

நீதிபதி வக்கீல் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க? அவர் தோட்டத்துல புல் வெட்டினதா அவருக்கே பில் போட்டிருக்கீங்களா?" அவன் கோப்புக்குள் முகத்தைப் புதைத்தான். "தன் நிலம் எதுன்னு இந்த அறையில யாருக்குமே தெரியலை" என்று சொல்லி, புல்லுக்கான தொகையையும் கடிதக் கட்டணங்களையும் தள்ளுபடி செய்தார். விளக்குக்கும் குளத்துக்கும் நான் கட்ட வேண்டும், கட்டியதும் கம்பெனி சான்று தர வேண்டும் என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த டோரீன் சிரித்த சிரிப்பில் யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

பணம் கட்டினேன். நேற்றுச் சான்றும் வந்துவிட்டது.

உங்களுக்கும் உங்கள் துணைவி பெரிலுக்கும் எங்கள் அன்பு. கடற்காற்று உங்கள் மூட்டுகளுக்குக் கருணை காட்டட்டும்.

இப்படிக்கு,
க்ளிஃபோர்டு ஹேஸல்டைன்

பி.கு.: மேலே எழுதியதை வைத்து அவசரப்பட்டு அந்த வீட்டுக்காரரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். நாங்கள் வரவில்லை. தீர்ப்பு தெரிந்ததிலிருந்து தெருவே பில்லும் கையுமாக என் வாசலில் நிற்கிறது. குடியிருப்போர் சங்கம் ஒன்று ஆரம்பித்து என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். கம்பெனியே நடுங்குகிறது என்று கேள்வி. இந்த நேரத்தில் இவர்களை விட்டுவிட்டு வருவது எப்படி? விற்பனையை நிறுத்தச் சொல்லி நாளை மிஸ் பார்ஜெட்டரிடம் பேசப்போகிறேன். டோரீனிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் மூச்சு விட வேண்டாம்.

அண்ணா, நான் டோரீன். தபால்தலை ஒட்டச் சொல்லி இதை மேசையில் வைத்துவிட்டுச் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், உறையை மூடாமல். 'சான்று வந்தவுடன் ஒப்பந்தத்தை முடித்துவிடுங்கள், மறுபடி என்னைக் கேட்க வேண்டாம்' என்று போன மாதமே மிஸ் பார்ஜெட்டருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். இன்று காலை எல்லாம் முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, முதலில் வந்து சாப்பிடட்டும். அந்த வீட்டின் பின்பக்கம் வெறும் சரளைக்கல்தான், ஒரு பச்சை இலைகூடக் கிடையாது என்றாயே? அதை மட்டும் இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.