வாயுச் சித்தரின் சுப்பர்சார்ஜர்

சனிக்கிழமை என்றால் விரி என்ற தொழிற்பேட்டையில் கிடங்குகள் பூட்டிக் கிடக்கும். லொறிகள் ஒதுங்கி நிற்கும். ஆனால் கடந்த மார்கழி தொடக்கம் அங்கே ஒரு தெரு மட்டும் தேர்த்திருவிழாக் கோலம் பூண்டது. காலை ஏழு மணிக்கே கார்கள் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொரு காருக்கு முன்னாலும் ஒரு தேங்காய். ஒவ்வொரு தேங்காய்க்குப் பின்னாலும் படித்த மனிதர் ஒருவர்.

கணக்காளர்கள் வந்தார்கள். பல் வைத்தியர் ஒருவர் வந்தார். ஒருவர் புல்வெட்டும் மெசினைத் தள்ளிக்கொண்டே வந்தார். அங்கே ஒன்றைப் பூட்டிக்கொண்டு போன மறுநாள் அந்த மெசின் தானாக ஓடியதாம். அவர் பின்னால் ஓடினாராம். வேலி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அற்புதத்தில் வேலியைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை.

இத்தனை கூட்டமும் எதற்கு? வாயுச் சித்தர் கார்களுக்குத் தெய்வீக சுப்பர்சார்ஜர் பூட்டிக்கொண்டிருந்தார்.

சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளி வலுவைக் கூட்டும் கருவி. அதற்கு இரும்பு வேண்டும், பெல்ட் வேண்டும், பூட்டுகிறவருக்குக் கொஞ்சம் மூளையும் வேண்டும். சித்தருடையதற்கு நம்பிக்கை மட்டும் போதும். மூளை இல்லாமலிருந்தால் இன்னும் விசேஷம்.

சித்தரின் பூர்வாசிரமப் பெயர் திருநாவுக்கரசு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, வீடு வீடாகத் தூசி உறிஞ்சும் மெசின் விற்றவர். காற்றை உறிஞ்சிப் பார்த்தார், வாழ்க்கை நகரவில்லை. ஊதிப் பார்த்தார், பறந்தது. காவி ஜாக்கெட் ஒன்று, கழுத்தில் ஸ்பார்க் பிளக் கோத்த மாலை ஒன்று. அவ்வளவுதான் முதலீடு.

அவர் தந்தது செம்பு நிறப் பெட்டி ஒன்று. பாண் ரொட்டித் துண்டளவு இருக்கும். அடியில் காந்தம், எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்தில் வேல், மறுபக்கத்தில் சிலுவை. விரும்பிய பக்கத்தை மேலே வைத்துக்கொள்ளலாம். காதில் வைத்தால் உள்ளே ‘ம்ம்ம்’ என்று ஒரு நாதம் கேட்கும். வீட்டுக்குக் கொண்டுபோன சில மணி நேரத்தில் அந்த நாதம் நின்றுவிடும். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சித்தர் சொன்ன விளக்கம்: “அது எஞ்சினோட ஐக்கியமாயிடுச்சு சார்.”

பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் குடியிருக்கும் நோபேட்டும் ஒரு நாள் அந்த வரிசையில் வந்து நின்றார். மன்னார்க்காரர், ஐம்பத்தொரு வயது. விரியிலேயே ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். வீட்டு மோட்கேஜ் கட்டி, பிள்ளையைப் படிப்பித்து, உறவினருக்கு விசா எடுத்துக் கொடுத்து, கடைசியில் தனக்கென்று முதன்முதலாக வாங்கிய பொருள் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கூப்பே. இரண்டே கதவு. பழையதுதான். ஆனால் அதில் ஏறும்போது அவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொள்வார்.

அந்தக் காரை நெடுஞ்சாலை ஏற்றத்தில் பாண் ஏற்றிப்போகும் வான் ஒன்று முந்திப்போனது. வானுக்குள் இருந்தவர் கையும் காட்டினார். அன்று இரவு நோபேட் சோறு தின்னவில்லை.

முதலில் அவர் ஒழுங்கான இடத்துக்குத்தான் போனார். ஒடாஹுஹுவில் கராஜ் வைத்திருக்கும் சுகந்தினி காரை உயர்த்திப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னாள்.

“பூட்டலாம் அண்ணை. ஆனா அது சும்மா ஒரு காத்துப் பம்ப். எஞ்சின்ர பெல்ட்டில ஓடும். காத்துக் கூடினால் பெற்றோலும் கூடவேணும். ரெண்டும் கூடினால் சூடு கூடும், அதைத் தணிக்கவேணும். பிறகு சேர்டிஃபிகேட் எடுக்கவேணும். மூண்டு மாசம் வையுங்கோ.”

“மூண்டு மாசமோ?”

“அதுக்கு முதல் பிறேக்கை மாத்துவம். பிறேக் பாட் முழுக்கத் தேஞ்சுபோய்க் கிடக்கு. ஓடுறதுக்கு வழி பாக்க முதல் நிக்கிறதுக்கு வழி பாக்கவேணும்.”

இப்படி உண்மை பேசினால் யார் வருவார்கள்? நோபேட் நேரே சித்தரிடம் போனார். அங்கே எல்லாம் இருபது நிமிஷம்.

முதலில் ‘முன்னோட்டம்’. சித்தரும் இரண்டு கொழுத்த சீடர்களும் அந்தச் சின்னக் கூப்பேக்குள் மடங்கி ஏறினார்கள். ஏசியை முழு வேகத்தில் போட்டார்கள். கார் மேட்டுத் தெருவில் கர்ப்பிணி மாதிரி ஏறியது.

“பாத்தீங்களா சார், எவ்வளவு சோகமா போகுது?” என்றார் சித்தர்.

பிறகு பெட்டியை ஒட்டினார். கற்பூரம் காட்டினார். மூவரும் இறங்கிக்கொண்டார்கள். “இப்ப தனியா போங்க. ஏசிய அணைச்சிடுங்க. செயற்கைக் காத்து வாயு பகவானுக்கு ஆகாது.”

கார் பறந்தது. மூன்று ஆட்களையும் ஏசியையும் இறக்கினால் கட்டைவண்டியே கொஞ்சம் பறக்கும். ஆனால் நோபேட்டின் கண்கள் கலங்கின. திரும்பி வந்து சித்தரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு விரதம் இருக்கு,” என்றார் சித்தர். “நாப்பத்தெட்டு நாளைக்கு மெக்கானிக் கை படக்கூடாது. பட்டுச்சுன்னா சக்தி எறங்கிடும். அப்புறம், பிரேக்க அடிக்கடி மிதிக்காதீங்க. வாயுவ மறிக்கிறது பாவம்.”

நோபேட் தலையாட்டினார். பிறேக் மாற்றும் வேலை அன்றோடு கைவிடப்பட்டது.

வீட்டில் மகள் றோஷினி காரின் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தாள். “டாட், இட்ஸ் ஜஸ்ட் அ பொக்ஸ்,” என்றுவிட்டுப் போனாள். மனைவி சிசிலியா பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் தாதியாக இருப்பவள். எதையும் தட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு.

“இதுக்க என்ன கிடக்கு?”

“காத்து.”

“காத்தை ஏன் பெட்டிக்க பூட்டி வைக்கவேணும்? அது வெளியில கிடக்குத்தானே.”

நோபேட் மூடியை இறக்கிச் சாத்தினார். விசுவாசிகளுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் காதில் விழாது.

நான்காம் வாரம் பிறேக் கீச்சிடத் தொடங்கியது. நோபேட் சித்தருக்குப் போன் எடுத்தார். “வாயு பாடுது சார். குடுத்து வச்சவங்களுக்குத்தான் கேக்கும்,” என்றார் சித்தர். தெருவில் போன எல்லோருக்கும் அது கேட்டது. குடுத்துவைத்த ஊர்.

அடுத்த ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போகும் வழி. சிசிலியாவின் மடியில் ஒரு பெரிய தட்டு மீன் கட்லட். பூசை முடிந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதற்கு. பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவுக்கு இறங்கும் சரிவில் முன்னே விளக்கு சிவப்பானது. நோபேட் பிறேக்கை மிதித்தார். கார் பாடியது, நிற்கவில்லை. நடைபாதையில் ஏறி, டெயரி என்ற மூலைக்கடையின் வாசலில் இருந்த ஐஸ்கிரீம் பலகையைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றது. பால் போத்தலோடு கடையிலிருந்து வெளியே வந்த கிழவர் ஒருவருக்கும் காருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. கிழவர் அசையாமல் நின்றார். போத்தல் மட்டும் கீழே விழுந்திருந்தது.

காருக்குள் கட்லட் மழை. கண்ணாடியில் நாலு, நோபேட்டின் தலையில் ஒன்று.

சிசிலியா மடியில் மிஞ்சிய வெறும் தட்டைக் கீழே வைத்தாள். நோபேட் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

“எவ்வளவு பவர் எண்டு பாத்தீரே,” என்றார். “பிறேக்காலயே நிப்பாட்டேலாமக் கிடக்கு.”

சிசிலியா கதவைத் திறந்து இறங்கினாள். கிழவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள், அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், புதுப் போத்தல் பால் வாங்கிக் கொடுத்தாள். பிறகு வீட்டுக்கு நடந்தே போனாள். மறுநாள் பஸ் பிடித்து ஒடாஹுஹுவுக்கு வந்து சுகந்தினியின் கராஜில் நின்றாள்.

“தங்கச்சி, அந்தப் பெட்டிக்க ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியப்பண்ணவேணும். நான் சொன்னால் கேக்கமாட்டார்.”

“ஆர் சொன்னாலும் கேக்கமாட்டினம் அக்கா,” என்றாள் சுகந்தினி. “அவையள் தாங்களே சொல்லவேணும். சனிக்கிழமை நானும் வாறன்.”

அந்தச் சனிக்கிழமை சித்தர் ‘இரண்டாம் நிலைப் பெட்டி’யை அறிமுகப்படுத்தவிருந்தார். அது இன்னும் பெரியது. பெரிய அஞ்ஞானத்துக்குப் பெரிய பெட்டி. சுகந்தினி எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு கூட்டத்துக்குள் நுழைந்ததும் நாலைந்து பேர் தங்கள் கார்களை மறைத்துக்கொண்டு நின்றார்கள். மெக்கானிக் கை பட்டுவிடுமாம்.

“சாமி, எனக்கும் ஒரு பெட்டி வேணும்,” என்றாள் அவள். “ஆனா ஒரு சின்னச் சோதினை செய்துபோட்டு வாங்குறன்.”

“தெய்வத்த சோதிக்கக்கூடாதும்மா,” என்றார் சித்தர்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தவர் சித்தரின் முதன்மைப் பக்தர் சற்குணம். முப்பது வருஷம் எஞ்சினியராக இருந்தவர். பாலம் கட்டும்போது கணக்குப் போட்டவர். கார் என்று வந்ததும் கணக்கைக் கைகழுவிவிட்டார். அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன் சாமி பின்வாங்குறியள்? செய்யட்டும். விஞ்ஞானம் வந்து உங்கட காலில விழுறதை நாங்களும் பாப்பம்.”

கூட்டம் கைதட்டியது. சித்தரின் முகத்தில் முதன்முறையாக உண்மையான வேர்வை வந்தது.

சோதனை எளிமையானது. சற்குணத்தின் வானும் நோபேட்டின் கூப்பேயும் உட்பட ஆறு வாகனங்கள். சாவியை வாங்கிச் சுகந்தினி ஒவ்வொன்றாகச் சித்தர் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகைக்குள் கொண்டுபோவாள். சிலவற்றில் பெட்டியை விட்டுவைப்பாள், சிலவற்றில் கழற்றுவாள்; எதில் என்று சொல்லமாட்டாள். மூடியைத் திறக்கக்கூடாது. சொந்தக்காரர் தெரு முனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டி இருக்கிறதா இல்லையா என்று ஒரு தாளில் எழுதவேண்டும். சித்தர் ஓட்டவே தேவையில்லை. மூடிமேல் கை வைத்தாலே சக்தி தெரியும் என்று அவரே பலதடவை சொல்லியிருக்கிறார்.

கொட்டகைக்குள் சிசிலியா மட்டும் ஒரு வாழைப்பழப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கால் உளைகிறதாக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆறு பேரும் ஓட்டினார்கள்; பிறேக் போன நோபேட்டை மட்டும் முதல் கியரில், கைபிறேக்கில் கைவைத்தபடி ஊர்ந்துபோகத்தான் சுகந்தினி விட்டாள். சற்குணம் திரும்பி வந்தபோது முகம் பிரகாசித்தது. “இண்டைக்கு வழமையை விட இழுவை கூட,” என்றார். நோபேட் உதட்டைக் கடித்தபடி எழுதினார். சித்தர் ஒவ்வொரு மூடிமேலும் கை வைத்து, கண்ணை மூடி, மூன்றில் சக்தி இருக்கிறது, மூன்றில் இல்லை என்றார். வியாபாரி அல்லவா, நடுவில் நின்றுகொண்டார்.

சுகந்தினி தாள்களை வாங்கி வாசித்தாள். “சற்குணம் ஐயா: பெட்டி இருக்கு. நோபேட் அண்ணை: இருக்கு. இருக்கு. இருக்கு. இருக்கு. இருக்கு.”

“அப்ப சரிதானே,” என்றார் சற்குணம்.

“அக்கா, ஒருக்கால் எழும்புங்கோ.”

சிசிலியா எழும்பினாள். வாழைப்பழப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஆறு செம்புப் பெட்டிகளும் இருந்தன. இருபது நிமிஷமாக வாயு பகவானின்மேல் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. சுகந்தினி திருகாணிச் சாவியை எடுத்து ஒரு பெட்டியைக் கழற்றினாள். உள்ளே கொஞ்சம் பஞ்சு, அதில் கற்பூர வாசனை. நடுவில் மலிவுக் கடையில் விற்கும், பற்றரியில் சுழலும் கைவிசிறி ஒன்று. பிள்ளைகள் கடற்கரைக்குக் கொண்டுபோவது. பற்றரி செத்திருந்தது.

“அது உள்ள தங்கமா இருந்திச்சு,” என்றார் சித்தர். “சந்தேகத்தோட பாத்ததால பிளாஸ்டிக்கா மாறிடுச்சு.”

இதைக் கேட்டும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் மூன்று பேர்.

அப்போது சிசிலியா தெருவோரம் நின்ற சித்தரின் காருக்கு அருகே போனாள். முன்கண்ணாடியின் மூலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது. அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். “போன கிழமைதான் கராஜில சேர்விஸ் செய்திருக்கிறார். பிறேக்கும் புதுசு மாதிரி மினுங்குது. ஏன் சாமி, உங்கட காரை மட்டும் மெக்கானிக் தொடலாமோ?”

சித்தர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். அந்தப் புதுப் பிறேக்கை ஒருமுறைகூட மிதிக்காமல் அவர் தெருவைத் தாண்டிப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த கிழமை கொட்டகைக் கதவில் ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்கியது. சிசிலியா எழுதிய முறைப்பாட்டில் நாற்பத்துமூன்று பேர் கையெழுத்திட்டார்கள். மற்றவர்களுக்கு, ஏமாந்தது ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கம். ஏமாறும்போது அந்த வெட்கம் வரிசையில் நிற்கவில்லை.

நோபேட் அன்று காரை எடுக்கவில்லை. கையில் விசிறியை வைத்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சிசிலியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்டைக்கு அந்த மனிசன் இன்னும் ஒரு அடி முன்னுக்கு வந்திருந்தால்,” என்றார் அவர். விசிறியைக் கீழே வைத்தார்.

“ஓம்,” என்றாள் அவள். “அதைத்தான் நானும் ஒரு கிழமையா நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

கூப்பே கட்டி இழுக்கப்பட்டு ஒடாஹுஹுவுக்குப் போனது. பிறேக் மாற்றப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த சனிக்கிழமை காலை கராஜைத் திறந்த சுகந்தினி திகைத்துப்போனாள். வாசலில் ஏழு கார்கள். ஏழு தேங்காய்கள். முன்னால் சற்குணம், கையில் பூமாலையோடு.

“பிள்ளை, அவனை ஒரே நாளில ஓட்டிப்போட்டாய். உன்ர கையில ஏதோ ஒரு சக்தி கிடக்கு. என்ர வானை ஒருக்கால் தொட்டுவிடு.”

சுகந்தினி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“வானில ஒரு பிழையும் இல்லை ஐயா,” என்றாள். “கனகாலமாக ஓடாமல் நிக்கிறது உங்கட கழுத்துக்கு மேல இருக்கிறதுதான். அதை இன்னொருத்தர் வந்து ஸ்டார்ட் பண்ணேலாது. நீங்கள்தான் பண்ணவேணும்.”