நாற்பத்தோராவது கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். மூன்று நாளாக என் மனைவி என்னோடு சண்டைகூடப் போடவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தேன். முதல் நாள் காலை, கற்றலில் உற்சாகம் வேண்டுமென்று தவளை மாதிரித் தாவச் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வயதில் தாவினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது வருகைப் பதிவேடு வந்தது. ஆட்கள் நாற்பது, பெயர்கள் நாற்பத்தொன்று. "கடைசிக் கட்டம் காலியா இருந்தா மேல கேள்வி கேப்பாங்க, யாராவது போட்டு விடுங்க சார்" என்றார் பயிற்சியாளர். ஊருக்கெல்லாம் இளித்தவாயன் நான்தானே, போட்டுவிட்டேன்.

மதியம் ஸ்லைடு ஓட ஓட நாங்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினோம். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஏழாவது வந்தும் ஒரு எழுத்து வாசிக்காத பிள்ளைக்கு, நாளைக்கு முதல் பத்து நிமிஷம் என்ன செய்யணும்?" காலையில் அங்கே யாரும் இல்லை. இப்போது ஒரு டீச்சர், கையில் மூடிய குடை. அக்கா, என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். இந்த வருடமும் வாசிக்காவிட்டால் அவள் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார். ஸ்லைடை நிறுத்திவிட்டு நாற்பது பேரும் பேசினோம். இருபது வருடத்தில் உருப்படியாக நடந்த முதல் பயிற்சி அதுதான்.

மறுநாளும் கையெழுத்துப் போட்டேன், குடை டீச்சரும் வந்தார். அன்று தேநீர் எல்லோருக்கும் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. அலுவலக எழுத்தரிடம் அந்த நாற்பத்தோராவது பெயரைப் பற்றி விசாரித்தேன். "அது பழைய லிஸ்ட்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்த பேரு சார். அந்தம்மா நாலு வருஷம் முன்னாடி இந்தப் பயிற்சிக்கு வர்ற வழியிலேயே தவறிப் போயிட்டாங்க" என்றார்.

மூன்றாம் நாள் பேனாவை மூடி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. ஆனால் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. என் வகுப்புப் பெண்ணை நினைத்துப் போட்டுவிட்டேன். குடை டீச்சர் என் காதருகில் சொன்னார்: "அவ பேசுறத நீங்க பலகையில எழுதுங்க. அவ சொன்னதையே அவளை வாசிக்கச் சொல்லுங்க."

நாளை செய்து பார்க்கப்போகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, கவலைப்படாதே. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் சான்றிதழ்கள் வந்துவிட்டன. குடை டீச்சருக்கு உண்டு, எனக்கு இல்லை. இரவல் கையெழுத்துப் போட்ட மும்முரத்தில் மூன்று நாளும் என் கட்டத்தில் போட மறந்திருக்கிறேன். முறையிடப் போனேன். எழுத்தர் நிமிரவே இல்லை. என் மனைவி சண்டை போடாததும் சமாதானத்தால் இல்லை போலிருக்கிறது. இன்று வகுப்பில் யாரும் எழுந்து நிற்கவில்லை. அந்தப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அதை அப்படியே பலகையில் எழுதினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, விரல் நீட்டி, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள் அக்கா! "சார்... இன்னைக்கும்... வரல." எனக்கு அழுகை வந்துவிட்டது. கைதட்டினேன், ஒருவரும் திரும்பவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால், எங்கேயாவது எனக்காக ஒரு கையெழுத்துப் போட்டுவிடு.