எதிர்ச்சுருள்

திசைகாட்டியின் முள் மறுபடியும் சென்னம்மாளையே பார்த்தது.

"அங்கேயே நில்லு! கிட்ட வராதே!" என்று கூவினார் மலைப்பள்ளி வாத்தியார் அப்பாசாமி.

சாமைச்சோற்று வட்டிலோடு வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றாள்.

ஒரு மூங்கிற்குழலின்மேல் இரண்டு செப்புக்கம்பிச் சுருள்கள்; அவற்றுக்கு மின்சாரம் தர நவாச்சார நீர் நிரப்பிய மின்கலச் சாடிகள். ஒன்றில் மின்னோட்டம் வலமாகவும் மற்றதில் இடமாகவும் சென்றால், ஒன்றன் காந்தத்தை மற்றது அழிக்கும். அருகிலுள்ள முள் அசையாது. இதுவே அவர் கொள்கை. எண்பதாம் சுற்றில் முள் அடங்கியும் விட்டது. அவள் வந்ததும் முள், கொல்லிப்பாவையின் சிரிப்பிற் சிக்கிய வழிப்போக்கன்போல் அவள்பால் திரும்பிற்று.

"உன் ஒடம்புல எதிர்மின்சாரம் ஓடுது, சென்னம்மா."

"அந்த நவாச்சாரத் தண்ணி நாத்தத்துல எனக்குக் கொடலே பொரளுதுங்க" என்று மூக்கைப் பொத்தினாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மணமாகி ஒன்பது ஆண்டுகள். இரண்டு மாதமாகத்தான் அவள் பாய் மறுகோடிக்கு நகர்ந்திருந்தது. எதிரெதிராக மின்சாரம் ஓடும் கம்பிகள் ஒன்றையொன்று தள்ளும் என்று புத்தகம் வேறு சொல்லிற்று. 'அறப்பளீசா, அகமும் கம்பிதானோ?'

அவளை மேற்கே நிறுத்தினார். முள் மேற்கே சாய்ந்தது. கிழக்கே நிறுத்தினார், கிழக்கே சாய்ந்தது.

"தலைகீழா நிக்கட்டுங்களா?"

மறுநாள் தம் இடுப்பிலேயே நாற்பது சுற்றுக் கம்பியை எதிர்முகமாகச் சுற்றி, மின்கலச் சாடிகளோடு பிணைத்துக்கொண்டு, அவளுடைய மின்சாரத்தை அழிக்கப் புறப்பட்டார். மூன்றாம் அடியில் சாடிகள் கவிழ்ந்தன. நவாச்சார நீர் அவள் பாயை நனைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவள், திரும்பி வந்து மூட்டை கட்டினாள்.

"வளப்பூருக்கு, எங்க அம்மா ஊட்டுக்குப் போறேனுங்க. நல்ல காத்தாச்சும் கெடைக்கும்."

வழித்துணைக்கு அடுத்த வீட்டு ராமாயி வந்து நின்றாள். அப்பாசாமி இடுப்புக் கம்பி தரையில் இழுபட ஓடிவந்தார்.

"முள்ளு ஆடுனா ஆடட்டும், சென்னம்மா. நீ போயிட்டா இந்த ஊட்டுல அசையறதுக்கு வேற என்ன இருக்குது?"

மூட்டை அவள் கையிலிருந்து மெல்ல இறங்கியது. கண்ணில் நீரும் இதழில் நகையும் ஒருங்கே வந்தன.

"இன்னும் ஒம்பது நாளு கெடு இருக்குதுங்க. அப்பறம் நானே சொல்றேன்."

ஒன்பது நாளில் விடைபெறப் போகிறாள் என்றே அவர் கலங்கினார். கையிலிருந்த திசைகாட்டியை ராமாயியிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்கக்கா. நீங்க வந்தா முள்ளு அசையல. இவ வந்தா மட்டும் ஏன் திரும்புது?"

ராமாயி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"எம்மடியில எதுக்குங்க வாத்தியாரே சூரிக்கத்தி? காத்துக்கருப்பு அண்டாம இரும்பு முடிஞ்சுக்கோணுமுன்னா, மூணு மாசம் முடியறவரைக்கும் சொல்லக் கூடாதுன்னு மசக்கையில கெடக்கற உங்க சென்னம்மா தானே முடிஞ்சுக்கோணும்!"