பிணம் மூச்சு விட்டது

ஒரு படத்தைக் கிழித்துத் தொங்கவிடுவதற்கு முன், அதில் யார் யார் சாகிறார்கள் என்று விசாரித்துக்கொள்வது நல்லது. அதிலும் அந்தப் படம் உங்கள் ஊரில் எடுக்கப்பட்டதாக இருந்து, உங்களுக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அப்போது நான் மலேசியாவின் ஈப்போ நகரில் கார் உதிரிப்பாகக் கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அது வயிற்றுக்கு. மனசுக்குத் திரைப்பட விமர்சகன். புந்தோங் வீட்டில் என் அறைக் கதவில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு (பவர் கிடையாது, ஒரு கெத்துக்குத்தான்) வீடியோ போடுவேன். நான் வணக்கம் சொல்லும் குரலைக் கேட்டால் இரங்கல் கூட்டம் என்றுதான் தோன்றும். பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் விரல் தவறிப் பட்டதால் வந்தவர்கள்.

அந்த ஒற்றன் படத்தின் முதல் பாகத்தை நான் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தேன். இரண்டாம் பாகத்தில் கொஞ்சத்தை ஈப்போவிலேயே வந்து எடுத்தார்கள். பழைய நகரத்துச் சந்துகளில் புரியாத மொழியில் பலகைகளை மாட்டி, தென் அமெரிக்கா என்றார்கள். பின்னால் நம் சுண்ணாம்பு மலை சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. பலகையை மாற்றலாம், மலையை என்ன செய்வது?

படம் வெளியாகும் சமயத்தில் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைப் படித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் கேட்பார். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தால் பிறகு பிரியாணி கிடையாதே.

ஜெசிந்தாவின் அப்பா அந்தோணிசாமி. பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, குனோங் ராபாட்டில் வீடு வாங்கியவர். அளந்துதான் பேசுவார். முகத்தில் பாதி மீசை. நிச்சயமானதிலிருந்து என்னை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். ஒரு முறை அவர் திடீரென்று மீசையை மழித்துவிட்டதாக ஜெசிந்தா சொன்னாள். கேட்டதற்கு "வேண்டுதல்" என்றாராம். நான் அடுத்து அவரைப் பார்த்தபோது மீசை திரும்பவும் வளர்ந்திருந்தது. (உளவுப் படமாகப் பார்த்துத் தள்ளியவனுக்கு இவ்வளவுதான் துப்பறியும் மூளை.)

"அப்பா சனிக்கிழமை ரெண்டு குடும்பத்துக்கும் டிக்கட் எடுத்திருக்காரு. அந்த ஸ்பை படம். நீங்க முன்னாடியே போயிறாதீங்க, சரியா?" என்றாள் ஜெசிந்தா.

விமர்சகன் காத்திருப்பானா? வியாழக்கிழமை முதல் காட்சிக்கே போனேன். அன்றே கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

படம் சுமார்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நான் பிடித்துக்கொண்டது சந்தைச் சண்டையில் ஒரு நிமிடம்கூட வராத ஒரு பிணத்தை. ஒட்டுத் தாடி வைத்த ஒருவர் சுடப்பட்டு மல்லாந்து விழுகிறார். அந்தக் காட்சி முன்னோட்டத்திலும் இருந்ததால், அதை வெட்டி எடுத்து, அவர் வயிற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். "இந்தப் படத்தில் உயிருள்ள ஒரே பாத்திரம் இந்தப் பிணம்தான். மூச்சு விடுகிறது, எச்சில் விழுங்குகிறது, ஹீரோ ஓடுவதைத் தலை திருப்பியும் பார்க்கிறது. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அந்த ஒன்றும் பிணத்துக்கு" என்று முடித்தேன்.

மறுநாள் கடைக்குப் போவதற்குள் ஈப்போவே அந்த வீடியோவைப் பார்த்துவிட்டது. என் திறமையை ஊர் ஒருவழியாகக் கண்டுகொண்டது என்று நினைத்தேன். பிரேக் பேட் வாங்க வந்தவர்களிடம்கூட விமர்சகக் குரலில் பேசினேன். மதியம் ஜெசிந்தா கூப்பிட்டாள்.

"அந்த வீடியோவ எடுத்துருங்க."

"ஏன்லா? நல்லாத்தானே போவுது."

"அந்தப் பொணம் எங்கப்பா."

கையிலிருந்த பிரேக் பேட் காலில் விழுந்தது. வலி சாயங்காலம்தான் தெரிந்தது.

எங்களுக்கெல்லாம் ஓர் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, படத்தில் நடித்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லையாம். வீட்டில் அவளுக்குக்கூட வீடியோவைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். நல்ல வேளையாக அவருடைய போனில் பேச மட்டும்தான் முடியும். வீடியோவை நீக்கினேன். அதற்குள் அது ஒவ்வொரு குடும்பக் குழுவிலும் குடியேறியிருந்தது.

சனிக்கிழமை என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார் மாமா. இஸ்திரி போட்ட சட்டை, வாசனை எண்ணெய். இடைவேளைக்குப் பிறகு சந்தைக் காட்சி தொடங்கியதும் என் முழங்கையைத் தொட்டு, "இப்பப் பாருங்க மாப்ள" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது.

தாடிக்காரர் விழுந்தார். அரங்கம் முழுக்க, "மூச்சு, மூச்சு" என்று கத்திச் சிரித்தது. யாரோ "எச்சி முழுங்குது பாரு" என்றார்கள். என் வசனத்தை எனக்கே ஒப்பித்தார்கள்.

"ஏன் சிரிக்கிறாங்க?" என்றார் மாமா.

"நல்லா நடிச்சிருக்கீங்க மாமா. அதான்."

அப்போது பின் வரிசையிலிருந்து ஒருவர் என் தோளைத் தட்டினார். "அண்ணே, பொணம் வீடியோ போட்டது நீங்கதானே? சூப்பர்லா. ஒரு செல்பி எடுத்துக்கலாமா?"

எடுத்தார். அந்த செல்பியில் நான் ஏதோ இளிக்கிறேன், மாமா என்னைப் பார்க்கிறார்.

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது மாமா என் பக்கம் திரும்பினார். "காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் தார் ரோட்டுல படுக்கப் போட்டானுங்க. முதுகு வெந்துபோச்சு. மூச்சுகூட விடக்கூடாதா தம்பி?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "மாப்ள" போய் "தம்பி" வந்துவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ஊரைச் சுமந்து பஸ் ஓட்டிய மனிதர், ஊர் ஒரு தடவை தன்னைத் திரும்பிப் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். ஊர் பார்த்தது. நான் போட்ட சிவப்பு வட்டத்துக்குள் பார்த்தது.

மறுநாள் இரண்டாம் ஓலை. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவர்கள் கோயிலுக்குப் போய், கடைசி பெஞ்சில் ஒண்டிக்கொண்டேன். சாமியார் எங்கள் பெயரைப் படித்து, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார்.

அந்தோணிசாமி எழுந்து நின்றார்.

ஜெசிந்தா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். என் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"என்ன அந்தோணி?" என்றார் சாமியார்.

"தடையெல்லாம் ஒன்னும் இல்ல பாதர். ஆனா மாப்ள இன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்து ஒரு தடவ செத்துக் காட்டணும். அவ்வளவுதான்."

கோயிலே குலுங்கிச் சிரித்தது. சாமியார் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். (அவரும் வீடியோ பார்த்திருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.) எனக்குக் காதில் விழுந்தது "மாப்ள" என்ற ஒரு சொல்தான். அழாத குறை.

அன்று மதியம் குனோங் ராபாட் வீட்டு ஹாலில் சொந்த பந்தம் சூழ மல்லாந்து படுத்தேன். "சுட்டாச்சு" என்றார் மாமா. நானும் செத்தேன். அடுப்பங்கரையில் ஆட்டுக்கறி கொதிக்கிறது. ஜெசிந்தாவின் சித்தி ஒருவர் குனிந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூச்சை அடக்கினால் எச்சில் ஊறுகிறது, எச்சிலை அடக்கினால் வயிறு உறுமுகிறது. சாவது இவ்வளவு கஷ்டம் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கடைசியில் ஆட்டுக்கறிதான் ஜெயித்தது.

"முழுங்கிட்டாரு," என்றார் சித்தி.

கல்யாணம் நடந்தது, பிள்ளையும் பிறந்து பள்ளிக்கூடம் போகிறாள். கறுப்புத் துணியை ஜெசிந்தா ஜன்னல் திரையாக்கிவிட்டாள். இப்போதும் ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு மாமா வீட்டு சோபாவில் நான் கண் அசந்தால், மகள் பக்கத்தில் வந்து என் வயிற்றைக் கவனிப்பாள்.

"தாத்தா, பொணம் மூச்சு விடுது."

மாமா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: "அஞ்சுக்கு ஒன்னு போடு. அதுவும் நம்ம வீட்டு மாப்ளங்கிறதுக்காக."