டாக்டரம்மா அழுதாவ

தில்லைநாயகத்தின் கேஸ் ஷீட்டில் 'நாளை வீட்டுக்கு அனுப்பலாம்' என்று ஆங்கிலத்தில் எழுதி முடிப்பதற்குள், ஷம்ஸியாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மையைக் கரைத்தது. துடைக்கப் போனாள். இன்னொன்று விழுந்தது. அதற்குமேல் அடக்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே தேம்பிவிட்டாள்.

இத்தனைக்கும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"சாப்பிட்டியளாம்மா?"

ஷம்ஸியா ஹவுஸ் சர்ஜன். பரீட்சையெல்லாம் எழுதி முடித்துப் பயிற்சிக்கு வந்து இது மூன்றாவது மாதம். காலையில் பெண்கள் வார்டில் நடந்த ஒன்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு, அழுவதற்கு ஓர் இடம் கிடைக்காமல் ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றியிருந்தாள். கழிப்பறையில் வரிசை நின்றது. மாடிப்படியில் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். துணி அடுக்கும் அறையில் சிஸ்டர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். கடைசியில் அந்த அழுகை ஆண்கள் வார்டில், பதினாலாம் கட்டிலோரம், நாற்பது பேர் பார்க்க வந்து சேர்ந்தது.

தில்லைநாயகத்தின் மனைவி சொர்ணாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கண்ணுல தூசி" என்று ஷம்ஸியா வெளியே ஓடினாள்.

"ரெண்டு கண்ணுலயுமா?" என்றார் பதினைந்தாம் கட்டில் அசன் மைதீன். துணைக்கு ஆள் இல்லாத மனிதர். வார்டில் நடப்பதைப் பார்த்து நாலு பேருக்குச் சொல்வதில்தான் அவருக்குப் பொழுது போகும். "சீட்டப் பாத்தாவ, அழுதாவ. நான் கண்ணால பாத்தேன்."

சொர்ணாம்பாள் தச்சநல்லூரில் இருக்கும் மகன் மகேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

முகத்தைக் கழுவியதும்தான் ஷம்ஸியாவுக்குப் பயம் வந்தது. நோயாளி முன்னால் டாக்டரின் முகம் சுவர் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவளுடைய பெரிய டாக்டரான சீஃப்பின் சட்டம். புகார் போனால் பயிற்சியை இன்னும் ஒரு மாதம் நீட்டிவிடுவார். சரிசெய்துவிடலாம் என்று, இருக்கிற சிரிப்பையெல்லாம் முகத்தில் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஐயாவுக்கு நெஞ்சுச் சளியெல்லாம் தீந்துட்டும்மா. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

சொர்ணாம்பாளின் முகம் வெளிறிவிட்டது. "கடைசிக் காலத்த வீட்டுல கழிக்கட்டும்னு சொல்லுதியளா?"

"ஐயோ, இல்லம்மா. நல்லாயிட்டாங்க. பத்தியம்கூட வேண்டாம்."

எட்டு நாளாகக் கஞ்சி மட்டுமே குடித்த தில்லைநாயகம் தலையைத் தூக்கினார். "அப்ப சொதி சாப்பிடலாமா?"

"தாராளமா சாப்பிடுங்க ஐயா. ஆசப்பட்டதெல்லாம் சாப்பிடுங்க."

சொர்ணாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆசப்பட்டதெல்லாம் குடுக்கச் சொல்லிட்டாவ" என்று அசன் மைதீன் பதினாறாம் கட்டிலுக்குச் சொன்னார்.

இந்த முறை போன் போனது மகள் விஜயஸ்ரீக்கு. டவுணிலிருந்து சொதியோடு வரச் சொல்லி.

மகேஸ்வரன் அரைமணி நேரத்தில் வந்து நின்றான். கூடவே சித்தப்பா, மச்சினன், யாரென்று தெரியாத இரண்டு பெரியவர்கள்.

"டாக்டர், எதுன்னாலும் நேரா சொல்லிருங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

"தாங்கிக்கிட ஒண்ணுமே இல்லண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டேங்கீங்க. எங்க பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வாரார். அவரே சொல்லட்டும்."

சீஃப் வந்தார். அவரோடு பன்னிரண்டு மாணவர்களும் வந்தார்கள். தில்லைநாயகத்தின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர், "நல்லா கேட்டுக்கோங்க. இது மாதிரி அடிக்கடி கிடைக்காது" என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இவ்வளவு சுத்தமாகக் குணமான நெஞ்சு அடிக்கடி கிடைக்காது என்றுதான் அவர் சொன்னது. பன்னிரண்டு பேரும் வரிசையாகக் குனிந்து, குழாய் வைத்து, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

மகேஸ்வரன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "எல்லாரும் கடைசியாப் பாத்துட்டுப் போற மாதிரில்லா இருக்கு."

அந்த நேரத்தில்தான் விஜயஸ்ரீ தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். அண்ணனும் தங்கையும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் மகளின் காதுகுத்தில் தாய்மாமனை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு போனவன் அவன்.

இருவரும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டார்கள்.

"எண்ணே..." என்றாள் அவள்.

"வா தாயி" என்றான் அவன். அதற்கப்புறம் இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் ஷம்ஸியாவின் அழுகை ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

தில்லைநாயகம் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஷம்ஸியாவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பைய சொன்னாப் போதும்மா. நான் போயிருவனா?"

ஷம்ஸியா அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இனிச் சுவராக இருந்து பயனில்லை.

"ஐயா, நான் அழுதது உங்களுக்காக இல்ல. பொம்பள வார்டுல ஒரு அம்மா இருந்தாங்க. ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னு நேத்து நான்தான் சொன்னேன். இன்னிக்குக் காலையில எறந்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரர்ட்ட அத நான்தான் சொல்லணும்னாங்க. சொன்னேன். அவர் என்னையத் திட்டுவார்னு நெனச்சேன். எம்மூஞ்சியப் பாத்துட்டு, 'நீ சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டார். அதையே நீங்களும் கேட்டீங்க."

சொர்ணாம்பாள் தூக்குவாளியைத் திறந்து, தட்டில் சோறு போட்டு, சொதியை ஊற்றி, ஷம்ஸியாவின் மடியில் வைத்தாள். "சாப்பிடு மொதல்ல."

ஷம்ஸியா அழுதுகொண்டே சாப்பிட்டாள். தேங்காய்ப் பாலும் இஞ்சியும் தொண்டையில் இறங்க இறங்க மூச்சு சீரானது.

மகேஸ்வரனின் போன் அடித்தது. எடுத்தவன் திருதிருவென்று விழித்தான்.

"யாருலே?" என்றார் தில்லைநாயகம்.

"பந்தல்காரர்ப்பா. எத்தன அடிக்குப் போடணும்னு அளவு கேக்கார்."

"எனக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரம்மா தலபாடா அடிச்சுச் சொல்லுதாவ. நீ எனக்குப் பந்தல் போடுதியாலே?" எட்டு நாளில் அவ்வளவு சத்தமாக அவர் பேசியதேயில்லை. நடுவில் ஒரு இருமல்கூட வரவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அவர் பிழைத்துவிட்டார் என்பதைக் குடும்பம் நம்பியது.

சீஃப் ஷம்ஸியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. நீட்டிப்புக் கடிதம் என்றே நினைத்துப் போனாள். அவர் நாற்காலியைக் காட்டி, தன் டீயை அவள் பக்கம் தள்ளினார்.

"அழணும்னா இனிமே இந்த ரூமுக்கு வாம்மா. கதவு தெறந்துதான் இருக்கும். நோயாளி பக்கத்துல நின்னு அழுதா என்ன நடக்கும்னு பாத்தேல்லா?"

"பாத்தேன் சார். இனிமே வார்டுல அழவே மாட்டேன் சார்."

மனது லேசாகி, சாயங்காலம் வார்டுக்குத் திரும்பினாள். பதினாலாம் கட்டிலில் அண்ணனும் தங்கையும் அப்பாவுக்கு யார் ஊட்டுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷம்ஸியா பதினைந்தாம் கட்டிலுக்குப் போய் இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினாள்.

அசன் மைதீன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எம் மவன் ஆமிரு கூடங்குளத்துலதான் வேல பாக்கான். நான் இங்கன வந்து பதினோரு நாளாச்சு, இன்னும் எட்டிப் பாக்கல. நாளைக்கு எங்கட்டில் பக்கமா நின்னு ஒரு அஞ்சு நிமிஷம் அழுதுட்டுப் போவியளா, டாக்டரம்மா?"