நாப்பத்தேழாம் பக்கம்

என்ன, பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கின கதைன்னு நெனச்சு சேர இழுத்துப் போட்டு உக்காந்துட்டீங்களா? ஏமாந்தீங்க. என் வீட்டம்மா ஒரு நாள்கூட குரல ஒசத்துனதில்ல. ஒரு நோட்டு வாங்கினா. அவ்வளவுதான், நான் காலி.

நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமா ஒரே ஆளு, ஒரே பை, ஒரே வண்டி. கஸ்டமருங்க போன்ல மெஷின் சத்தத்த வாயாலயே போட்டுக் காட்டுவாங்க.

"கட்ரக்… கட்ரக்…"

"டிரம்முக்கு அடியில சில்லறை மாட்டியிருக்கும்மா."

"ங்ஙீஈஈ…"

"பேரிங் போச்சு சார்."

அதே சத்தத்த நான் திருப்பிப் போட்டேன்னா, அவங்க மெஷினே ஏமாந்து சுத்த ஆரம்பிச்சிடும். அப்படி ஒரு வாய் எனக்கு.

ஒரு தடவ முதுகு பிடிச்சு நாலு நாள் படுத்தேன். தொழிலும் என் பக்கத்துலயே படுத்துக்கிச்சு.

வீட்டம்மா சொன்னா: "நீங்க தும்மினா கடைக்கே ஜலதோஷம் பிடிக்குது."

ரோஷம் வந்துடுச்சு. படுத்தபடியே சபதம் போட்டேன். "இனிமே நான் மெக்கானிக் இல்லடி, முதலாளி! நான் இல்லாமலே தொழில் ஓடணும்!"

"நெஜமாவா?"

"நெஜமா."

"அப்புறம் அழக்கூடாது."

"முதலாளி எங்கயாவது அழுவானா?"

மறுநாள் காலையில நோட்டோட வந்து உக்காந்தா. "சொல்லுங்க. கட்ரக்னா?"

"சில்லறை."

"ங்ஙீன்னா?"

"பேரிங்."

"ங்ஙீ நடுவுல நின்னு நின்னு வந்தா?"

நானும் என்னமோ காவியம் சொல்ற மாதிரி கண்ண மூடிக்கிட்டு சொன்னேன். மூணு வாரம். நாப்பத்தாறு பக்கம். எனக்குள்ள இருந்த இருபத்திரண்டு வருஷத்த ஸ்பூன் போட்டு வழிச்செடுத்துட்டா.

அப்புறம் ரெண்டு பேர வேலைக்கு வச்சா. ஒருத்தங்க ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா. காதுல எப்பவும் டெஸ்டர சொருகியிருப்பாங்க, அதனால பேரே டெஸ்டரக்கா. என் பைய தூக்கி அவங்க கையில குடுத்தா.

"ஏய், அது என் பை!"

"முதலாளிக்கு எதுக்குங்க பை? நீங்க ஸ்க்ரூடிரைவரத் தொட்டா அவங்க எப்பக் கத்துக்கறது?"

எனக்கு ஒரு சுத்துற சேர் வாங்கிப் போட்டா. ஆறு மாசமா அந்தக் கடையில நான்தான் டிரம்மு.

போன் வரும். அவ கேப்பா, பக்கத்தப் புரட்டுவா, ஆள அனுப்புவா. மெஷின் ஓடும். "அவர் வரலியா?"ன்னு ஒருத்தர் கேக்கணுமே! ஊஹூம். ஆசைப்பட்டது அப்படியே நடந்துச்சு, அதுதான் வயித்தெரிச்சல். கை சும்மா இருக்காம வீட்டுக் கதவு ஸ்க்ரூ எல்லாத்தயும் முறுக்கினேன். இப்ப கதவத் தோளால இடிச்சாதான் திறக்குது.

யோசிச்சேன். நோட்டுல இல்லாத சத்தம் ஒண்ணு வந்தா? என்கிட்டதானே வந்தாகணும்!

எதிர்வீட்டுல ஒரு ரிட்டயர்டு தபால்காரர். முப்பது வருஷம் அடுத்தவங்க கடுதாசியப் படிக்காம அடக்கிக்கிட்டு இருந்த மனுஷன், இப்ப கண்ணுல பட்ட எழுத்தயெல்லாம் சத்தமாப் படிப்பாரு. அவர் வீட்டுலயும் ஒரு வாஷிங் மெஷின் உண்டு. அங்க போயி, அவர் போன்லயே கடைக்கு அடிச்சு, கிழவி குரல்ல ஆரம்பிச்சேன்.

"ஏம்மா… மெஷினு ஒரு மாதிரி கத்துதும்மா. ப்ளூர்ர்க்… டிஸ்க்… ஹேஹேஹே…"

போன்ல அவ நோட்டுப் பக்கம் புரட்டுற சத்தம். புரண்டுச்சு, புரண்டுச்சு. எனக்கு சந்தோஷம் தாங்கல. தேடட்டும்!

"ஆள் வர்றாங்க பாட்டிம்மா."

பத்து நிமிஷத்துல டெஸ்டரக்கா வந்தாங்க. என்னப் பாத்து ஆச்சரியப்படல. பைய என் முன்னாடி வச்சாங்க.

"எனக்கு இது பிடிபடலண்ணே. நீங்களே கவரக் கழட்டிப் பாருங்களேன்."

கேட்டீங்களா? பிடிபடலயாம்! ஆறு மாசம் கழிச்சு என் ஸ்க்ரூடிரைவர் என் கையில. கைப்பிடியில நான் சுத்தின டேப்பு அப்படியே இருந்துச்சு. கவரக் கழட்டினேன், பெல்ட்டத் தடவினேன், காத வச்சுக் கேட்டேன், திரும்ப மாட்டினேன். கண்ணு லேசாக் கலங்கிச்சு. சோப்புத்தூள் பட்டிருக்கும்.

"உங்க கை மாதிரி வருமாண்ணே!"

நான் நிமிர்ந்து தபால்காரரப் பாத்தேன். "பாத்தீங்களா? என்னதான் நோட்டு இருந்தாலும்…"

அவர் என்னப் பாக்கல. பையில இருந்து அந்த நோட்ட எடுத்து விரிச்சு வச்சிருந்தாரு.

"அய்யா, அத வைங்க!" டெஸ்டரக்கா பாஞ்சாங்க. அவர் விடுவாரா? சத்தமாவே படிச்சாரு.

"நாப்பத்தேழு. கிழவி குரல்ல போன் வரும். கேள்விப்படாத சத்தம். மெஷின்ல கோளாறு இருக்காது. பைய அவர் முன்னாடி வைக்கணும். கவர அவரே கழட்டட்டும். அரைமணி நேரம் அவசரப்படுத்தக்கூடாது. கடைசியில பாராட்டணும்."

அடியில தேதி. சுத்துற சேர் வந்து இறங்கின அதே நாள்.

தபால்காரர் கண்ணாடியக் கழட்டிட்டு என்ன மேலயும் கீழயும் பாத்தாரு.

"அட, முதலாளின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே தம்பி… நீயே இதுல ஒரு ரிப்பேருதான்!"